யாருமில்லாதவனுக்குத்தான் இடம்

1

போன வாரம் வேலைக்குப் போகும் டிராமில் இருந்தபோது இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கி வாழும் ஓர் இல்லத்தின் மேட்ரன் பேசினார். அவர் பேசுவது சிங்களம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், தீபாவளிக்கு நீங்கள் கொடுத்த சாப்பாட்டைப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் விசேஷம் ஏதாவது வருகிறதா? பிறந்தநாள், திதி, ஏதாவது?”

“அடுத்த வாரம் அம்மாவின் திதி” என்றேன். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

“அப்படியென்றால் அன்றைய மத்தியானச் சாப்பாடு உங்களுடையது. வாசல் பலகையில் எழுதுவோம். அம்மாவின் பெயர் என்ன?”

அதைத்தான் சொல்ல முடியாது. அந்த இல்லத்தில் லிங்கம் என்று ஒருவன் இருக்கிறான். வயது நாற்பதை நெருங்குகிறது. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் இருப்பதும் அதே பெயர்தான். அவன் என் தம்பி. மேட்ரனுக்கு அது தெரியாது. தெரிந்தால் அவனை அங்கே வைத்திருக்க விதியில் இடமில்லை.

“அம்மா என்று மட்டும் எழுதுங்கள்.”

“எவ்வளவு அடக்கம் மேடம் உங்களுக்கு!” என்றார்.

அடக்கமாம். எனக்கு வந்த கோபத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்தேன். மெல்பர்னில் ஆடி மாதம் குளிர்காலம். காது இரண்டும் விறைத்துப் போயின. அந்த நடையில்தான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அவனுக்கு நான் யாருமில்லை என்று ஆகிவிட்டபடியால் இந்தக் குறிப்பிலும் என் பெயர் இருக்காது. லிங்கம் என்பதும் அவன் பெயரில்லை.

2

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது. அடுத்த காம்பராவில் ராசம்மா அக்கா. அம்மாவும் அவரும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள்.

லிங்கத்துக்கு நடக்கத் தெரியும், சிரிக்கத் தெரியும், பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியும். சோற்றைப் பிசைந்து வைத்தால் சாப்பிடுவான். வெளிக்குப் போனால் கழுவிவிட வேண்டும். லாரி ஹாரன் கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். மழை நாட்களில் வலிப்பு வரும். மலையகத்தில் மழை இல்லாத நாள் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அம்மா அவனுக்குச் சிரமப்பட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரே காரியம் சலாம் போடுவது. தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் வந்தால் பாதையோரம் போய் நிற்பான், கையை நெற்றிக்குக் கொண்டுபோவான், ஜீப் வளைவில் மறையும் வரை இறக்கமாட்டான். துரைக்கு அவனைப் பிடிக்கும். வேறு எதுவும் செய்யத் தெரியாதவன் இதைச் செய்தாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அவள் அறிந்த உலகத்தில் அது சரியான கணக்கு.

அப்பா முன்பே போய்விட்டார்; இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவும் செத்துப்போனாள். நான் போய்க் காரியம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ராசம்மா அக்காதான் லிங்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்கு முழங்கால் போய்விட்டது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன், வந்து எங்களோடு இரு என்று கூப்பிட்டபடி இருந்தான். தோட்டத்தில் வேலை செய்ய எங்கள் வீட்டில் ஆளில்லாததால் காம்பராவையும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ராசம்மா அக்கா மலையிறங்கினால் லிங்கம் எங்கே போவான்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே தூங்கினேன், எழுந்தேன், வேலைக்குப் போனேன்.

3

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிங்கத்தைப் போன்றவர்கள் வாழும் ஒரு வீட்டில் நான் பராமரிப்பாளர். நாலு பேர், நாலு அறை, சுவரில் அவரவருக்குப் பிடித்த நிறம். ஒருவருக்கு ஊட்டிவிடுகிறேன், ஒருவரைக் குளிப்பாட்டுகிறேன். வலிப்பு வந்தால் தலைக்குக் கீழே துணி வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுதி வைக்கிறேன். ஊரான் பிள்ளைக்கு இவ்வளவும் செய்வதற்குச் சம்பளம் உண்டு, சீருடை உண்டு, முதுகு பிடித்தால் விடுப்பும் உண்டு.

இங்கேயும் நுழைவு சுலபமில்லை. யார் எவ்வளவு இயலாதவர் என்று அளந்துதான் உள்ளே எடுப்பார்கள். அதனால் பெற்றோருக்கு ரகசியமாக ஒரு பாடம் நடக்கும்: நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மிக மோசமான நாளைச் சொல்லுங்கள். ஒருமுறை வியட்நாமியத் தகப்பன் ஒருவர் மதிப்பீட்டுக்காரியிடம், என் மகன் தங்கமான பிள்ளை, ஒரு தொல்லையும் இல்லை என்றார். அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், தங்கத்துக்கு இங்கே இடமில்லை, அவன் உங்களைக் கடித்ததைச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனிதர் உள்ளே போய்ச் சொன்னார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

லிங்கத்தை இங்கே கூட்டி வந்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் மட்டும் யோசிக்கவில்லையா? வக்கீல் தெளிவாகச் சொன்னார்: உடல்நலச் சோதனையில் அவன் தேறமாட்டான், அவனால் அரசாங்கத்துக்கு வரும் செலவைப் பார்ப்பார்கள், வீணாக முயற்சிக்காதீர்கள். அவனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ள என்னை உள்ளே விட்டார்கள். அவனை விடமாட்டார்கள்.

ஊரில் விசாரித்தேன். அட்டன் பக்கம் ஓர் இல்லம் இருந்தது. அவர்களுடைய விதிகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். தன் வேலையைத் தானே செய்ய முடியாதவர் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆனால் மலசலகூடத்துக்குத் தானே போகத் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு இருக்கக் கூடாது, அல்லது மருந்தில் அடங்கியிருக்க வேண்டும். பிறரை அடிக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சமூகசேவை அதிகாரி நேரில் பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும். இதையெல்லாம் எழுதியவர், மனவளர்ச்சி குன்றிய ஒருவரை எப்போதாவது கண்ணால் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இருந்தாலும் அந்தச் சிபாரிசு கிடைத்தால் மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அதிகாரி வர ஒரு நாளும் குறித்தார்கள்.

4

அதற்கு முந்தின நாள் ராசம்மா அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நாளைக்கு ஐயா வரும்போது அவன் எப்படி இருக்கானோ அப்படியே இருக்கட்டும். குளிப்பாட்ட வேணாம். தாடி எடுக்க வேணாம். சட்டைய மாத்த வேணாம். கேக்குதா?”

“என்னா பாப்பா பேசுற? வெளியாளு வாராங்க, புள்ளய மூத்திரத்துல நனஞ்ச சாரத்தோட நிறுத்தச் சொல்றியா?”

“ஆமாக்கா. அப்பதான் எடம் குடுப்பாங்க.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. வெளிநாட்டுக்குப் போய் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற சிரிப்பு அது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். லயம் பார்க்க துரை வருகிறார் என்றால் அதற்கு முன்னால் சாக்கடைக் கான் வெட்டிச் சுத்தம் செய்வோம், வாசலைக் கூட்டிக் கழுவுவோம். இருமுகிற கிழவரை மேல்மலைக்கு அனுப்பிவிடுவோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லா இருக்கோங்க என்று ஒரே குரலில் சொல்வோம். குறையைக் காட்டினால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எங்கள் வீடுகளில் தாய்ப்பாலோடு கொடுக்கப்பட்டது. துரைமார் மாறிக் கம்பெனி வந்தது, கம்பெனி மாறி வேறு கம்பெனி வந்தது. பயம் மட்டும் காம்பராவைக் காலி பண்ணவில்லை.

ஆக லயமே வேலையில் இறங்கிவிட்டது. லிங்கத்துக்குச் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்து, லயத்துப் பையன் ஒருவன் தன் கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டார்கள். அந்தக் கல்யாண வீட்டில் கேட்டு நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதிகாரி யாழ்ப்பாணத்து மனிதர். மழையில் நனைந்து, படியேறி, மூச்சு வாங்க வந்திருக்கிறார். லிங்கம் எழுந்து நின்று சலாம் போட்டானாம். அவர் அசந்துபோனாராம்.

“இவர் எவ்வளவு மரியாதையான ஆள்! வடிவாத்தானே வச்சிருக்கிறியள். சாப்பாடெல்லாம் ஆர் குடுக்கிறது?”

“நாங்கதாங்கய்யா. லயத்துல எல்லாரும் குடுப்போம். எங்க புள்ள மாதிரிங்க.”

“வலிப்பு வாறதோ?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சொகமா இருக்கான்.”

“பிறகென்னத்துக்கு இல்லத்தில விடப் போறியள்? அங்க இப்பிடிப் பாக்க மாட்டினம். இவரின்ட அக்காவும் வெளிநாட்டில எல்லோ இருக்கிறா?”

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். சிபாரிசு இல்லை. சமூகத்தின் நல்ல பராமரிப்பில் இருக்கிறார், வெளிநாட்டில் வசதியான சகோதரி இருக்கிறார் என்று காரணம்.

ராசம்மா அக்கா அன்றைக்கே போன் போட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “ஐயா ரொம்ப மெச்சிட்டுப் போனாரு பாப்பா. ஒந்தம்பி மானத்தக் காப்பாத்திட்டான்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ விசாவுக்குப் போனப்ப என் சங்கிலியத்தான போட்டுட்டுப் போன? ஒனக்கு ஒரு கொறையும் இல்லன்னு காட்டித்தான ஒன்னைய உள்ள விட்டாங்க? அவன மட்டும் அழுக்கா நிறுத்தணுமா?”

அதற்கும் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

5

என் மகள் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறாள். ஆம், சமூகப்பணி. தமிழ் அவளுக்குப் புரியும், பேசுவது பாதி வழியில் நின்றுவிடும். நடந்ததைச் சொன்னேன்.

“அம்மா, இது அவருடைய ரைட்ஸ். நீங்க கம்ப்ளெய்ன் பண்ணணும்.”

“யாரிடம்?”

“அங்க ஒரு கமிஷன் இருக்கும்.”

இருக்கும். எல்லா நாட்டிலும் இருக்கும். அவள் நல்ல பிள்ளைதான், ஆனால் அன்றைக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதே வாரம் வகுப்பு ஒன்றுக்காகக் குடும்ப மரம் வரைந்து மேசையில் வைத்திருந்தாள். என் பக்கக் கிளையில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், நான் இருந்தேன். லிங்கம் இல்லை. ஏன் என்று கேட்டதும் பதறிவிட்டாள். ஒளிக்கவில்லை, வெட்கப்படவில்லை, மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் கண்டால், நீங்கள் ஊருக்குப் போய் இருந்து தம்பியைப் பார்க்கலாமே என்பார்கள். வேலையை விட்டுவிட்டு, வீட்டை விற்றுவிட்டு, தோட்டத்தில் இல்லாத காம்பராவில் போய் இருந்து பார்க்க வேண்டுமாம். சொன்னவர்களில் ஒருவர் தன் தாயைக் கொழும்பில் விட்டுவிட்டு வாரம் ஒருமுறை வீடியோவில் பார்க்கிறார். இதை வாசிக்கும் உங்களுக்கும் அந்த யோசனை வந்திருந்தால், உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

6

தீபாவளிக்குப் பிறகு கட்டாயம் கொழும்புக்குப் போக வேண்டும் என்று ராசம்மா அக்கா சொல்லிவிட்டார். மருமகளுக்குப் பிள்ளைப்பேறு. நான் மறுபடி ஒவ்வோர் இல்லமாகக் கூப்பிட்டேன். கினிகத்தேனைக்கும் கீழே, சிங்களப் பக்கத்தில் ஓர் இல்லம் கிடைத்தது. அங்கே வலிப்பு இருந்தாலும் பரவாயில்லை, கழுவிவிட ஆள் இருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: யாருமில்லாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். உறவு இருக்கிறவர்கள் வரிசையில் நிற்கலாம். வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். பேசிய மனிதர் நல்லவர், சிரித்துவிட்டார்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அவனைக் கைவிடாதவர்களுக்கு உதவி கிடையாது. கைவிட்டால் கிடைக்கும். இந்த விதியை எழுதியவரும் ஒரு தாய் வயிற்றில்தான் பிறந்திருப்பார்.

ராசம்மா அக்காவிடம் சொன்னேன்.

“தெருவுல கெடக்குறவனுக்குத்தான் எடமுன்னா, நம்ம புள்ளய தெருவுல போடவா பாப்பா?”

“வேற வழி இருந்தா சொல்லுங்கக்கா.”

“அவனுக்கு யாருமில்லன்னு நான் எப்பிடிச் சொல்றது? அவன் பக்கத்துல நின்னுகிட்டு இருப்பானே.”

தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கிராம சேவகர் வந்திருந்தார். யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாதவர். லயத்தார் போய் ஒரே வாயாகச் சொன்னார்கள்: தாய் செத்துப்போச்சு, வேறு ஒருவரும் இல்லை. முன்பு நல்லா இருக்கோங்க என்று சொன்ன அதே வாய்கள். இந்த முறை சரியான பொய்யைச் சொன்னார்கள், கடிதம் கிடைத்தது. என்னுடைய பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டியிருந்தது. இல்லாமல் இருக்க வேண்டும். அதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருந்தது.

ராசம்மா அக்கா அவனை பஸ்ஸில் கூட்டிப்போனார். கினிகத்தேனையில் இறங்கி வடை வாங்கிக் கொடுத்து, ஹாரன் கேட்காதபடி காதைத் துண்டால் கட்டி, அடுத்த பஸ் ஏற்றியிருக்கிறார். நீலச் சட்டைதான். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். இல்லத்தின் ஆபீஸில், சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள்.

“கவுருத் நே, மஹத்தயா” என்றார் அக்கா. யாருமில்லை, ஐயா.

“அப்படியானால் நீங்கள் யார்?”

“பக்கத்துக் காம்பரா.”

லிங்கத்துக்குச் சிங்களம் தெரியாது. அக்கா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றானாம். அவனை உள்ளே கூட்டிப்போன பிறகு அக்கா பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எனக்குப் போன் போட்டார். “சொல்லிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதும் குறைந்துவிட்டது. என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் எப்படித் தம்பியைப் பார்ப்பது? உறவு என்று போக முடியாது. கொடையாளி என்று போகலாம். அதற்கு ஒரு விதியும் கிடையாது. சான்றிதழ் கேட்கமாட்டார்கள், சிபாரிசு கேட்கமாட்டார்கள். தீபாவளிக்குச் சாப்பாடு கொடுத்தேன். அன்றைக்கு அனுப்பிய படத்தில் பின்வரிசையில் அவன் பாதித் தலை தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சின.

7

நேற்று அம்மாவின் திதி. சாயந்தரம் வேலை முடிந்து வீட்டில் காத்திருந்தேன். அங்கே மத்தியானம். மேட்ரன் வீடியோவில் வந்தார்.

எதிர்பாராத ஒன்றைச் சொல்கிறேன்: அந்த இடம் சுத்தமாக இருந்தது. நீளமான மேசைகள், கழுவிய தட்டுகள், ஊட்டிவிடப் பெண்கள். மேட்ரன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கன்னத்தைத் தட்டுகிறார். இவர்களைத் திட்டலாம் என்று தயாராக இருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. வாசல் பலகையைக் காட்டினார். அம்மாவின் நினைவாக என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு பிழையும் இல்லை.

மேசை மேசையாகப் போனை எடுத்துக்கொண்டு நடந்தார். லிங்கத்தின் பத்துப் பன்னிரண்டு சொற்களில் ஒன்று அக்கா. என்னைக் கண்டு அவன் அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. அடுத்த வாரம் அவன் தெருவில், ராசம்மா அக்கா கொழும்பில், நான் இங்கே. சொல்லிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். சொல்லமாட்டானா என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினேன், வெட்கமில்லாமல்.

போன் அவன் முன்னால் நின்றது. மெலிந்திருக்கிறான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். சோறு, பருப்பு, முட்டைக்கோவாக் கறி, அப்பளம். வேறு யாரோ பிசைந்து வைத்திருக்கிறார்கள்.

“இவர் போன வருடம் வந்தவர், மேடம். லிங்கா, மேடத்தைப் பாருங்கள். இவர்தான் இன்றைக்குச் சாப்பாடு கொடுத்தவர்.”

அவன் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தை நன்றாகவே பார்த்தான். பிறகு கையில் ஒட்டியிருந்த சோற்றோடு எழுந்து நின்று, அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் போட்டான். இறக்கவில்லை.

மேட்ரன் பூரித்துப்போனார். “பார்த்தீர்களா மேடம்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே!”

“நல்ல பிள்ளை” என்றேன் சிங்களத்தில். “வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“பாவம் மேடம், அவருக்கு யாருமில்லை.”

அவன் கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. ஜீப் வளைவில் மறைந்தால்தான் இறக்குவான். நான் மறையவில்லை.

“அவரை உட்காரச் சொல்லுங்கள்” என்றேன். “இன்னும் கொஞ்சம் பருப்பு போடச் சொல்லுங்கள்.”

உடனே போட்டார்கள். கொடையாளி கேட்டால் போடுவார்கள்.